ஸ்டூல்காரரும் என் வாயும்

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் முதலிலேயே ஒன்றைச் சொல்லித் தருவார்கள். எதைச் செய்வதற்கு முன்னாலும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘இப்ப உங்க கையத் தூக்கப் போறேன். இப்ப ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போறேன். தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்.’ சொல்லாமல் தொட்டால் படுத்திருப்பவர் பயந்து உடம்பை முறுக்கிக்கொள்வார். நம் இடுப்பு போய்விடும். என்னோடு படித்தவர்கள் பலர் இதற்குக் கூச்சப்பட்டார்கள். பதிலே சொல்லாத ஆளிடம் எப்படிப் பேசிக்கொண்டே இருப்பது என்று கேட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் வரவில்லை. என் கணவர் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு பதிலும் சொன்னதில்லை. நான் வீட்டிலேயே பயிற்சி முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன்.

அந்த வாயோடுதான் ஸ்டூல்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஸ்டூல்காரர் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கம்பி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வராதவர்கள். தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர் மாடிவீட்டுக்காரரைத் திட்டுவார், அங்கிருந்து மருமகனுக்குப் போவார், தூக்கம் வராததில் முடிப்பார். குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார். மற்ற குமாஸ்தாக்கள் அந்த ஜன்னலைத் தண்டனையாக நினைத்தார்கள். சார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

விடுமுறை நாட்களில் அவர் மேடை ஏறினார். சங்கக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, நண்பர் வீட்டுக் கல்யாணம், எங்கே கூப்பிட்டாலும் போவார். துணைக்கு நடிகர் கிடையாது, திரை கிடையாது, பாட்டு கிடையாது. நாலு கால் மரஸ்டூல் ஒன்று. அதில் உட்கார்ந்து, புகார் சொல்ல வந்த ஆளாகவே மாறிப் பேசுவார். எதிரே ஜன்னல் இருப்பதாகப் பார்க்கிறவர்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல்காரர் என்ன பதில் சொன்னார் என்பது கடைசிவரை யாருக்கும் கேட்காது. சபை விழுந்து விழுந்து சிரிக்குமாம்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலப் பக்கத்தோடு பேச்சையும் எடுத்துக்கொண்டது. கேட்பதெல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். தலையாட்டலையும் நம்ப முடியாது. டீ வேணுமா என்றாலும் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளுக்கு வேறு ஊரில் வேலை. அதனால் நான் அந்த வீட்டிலேயே தங்கினேன்.

ஆரம்பத்தில் எங்கள் பொருத்தத்தை நினைத்து எனக்கே பூரிப்பாக இருந்தது. நான் பேசுவேன், அவர் கேட்பார். எழுந்து போக மாட்டார், அவரால் முடியாது. ‘இப்ப காலத் தூக்கப் போறேன்’ என்று ஆரம்பிப்பேன். காலைத் தூக்கிய பிறகும் வாய் நிற்காது. என் கால் வலி, என் மருமகள் கால், கால் மேல் கால் போட்டு உட்காரும் என் நாத்தனார் என்று போய்க்கொண்டே இருக்கும். படுத்திருக்கும் மனிதருக்கு உலக நடப்பு தெரிய வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொள்வேன்.

என்னிடம் இருந்த கதைகளிலேயே பெரியது, நாத்தனார் என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போன கதை. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. விருந்தாட வந்தவள் என் ஃப்ரிட்ஜையே பூட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? உள்ளே பால், மாவு, என் கணவரின் கண் மருந்து. இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குச் சமையலறையில் பாத்திரம் துலக்கியபடியே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சார் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தித்தான் பேசினேன். நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் இடத்துக்கு வந்தபோது கூடத்திலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கதை சூடு பிடிக்கிறது, மனிதர் ரசிக்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் சத்தம். நானும் இன்னொரு சுருதி ஏற்றினேன். கடைசியில் தடாலென்று மரம் விழுகிற ஓசை கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன்.

சார் தரையில் கிடந்தார். நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். என்னைக் கூப்பிட அவரிடம் நான் கொடுத்திருந்த மணி உருண்டு சோஃபாவுக்கு அடியில் போய்விட்டது. கத்திப் பார்த்திருக்கிறார். நான் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் நல்ல காலால் தன் ஸ்டூலை உதைத்துத் தள்ளியிருக்கிறார். எலும்பு முறியவில்லை. நெற்றியில் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. ‘இப்ப தூக்கப் போறேன், பயப்படாதீங்க’ என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

நடந்ததை நானே மகளுக்கு ஃபோன் செய்து சொன்னேன். மறுநாளே வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனது லேசாகியிருக்கும். அவள் அப்பாவின் நெற்றியைத் தடவிவிட்டு, முதியோர் இல்லம் ஒன்றில் பேசிவிட்டதாகச் சொன்னாள். நல்ல இடம், ஆள்மாற்றி ஆள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்றாள்.

“அக்கா, உங்க மேல கோவம் இல்ல. ஆனா கூப்பிடக்கூட முடியாத மனுஷன எப்படி வீட்ல வச்சிருக்கறது? நீங்களே சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. நானே அவள் இடத்தில் இருந்தால் இன்னும் முன்னாலேயே கேட்டிருப்பேன். எனக்கு வேறு வீடு கிடைக்கும், இந்தத் தொழிலில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சார் அன்று முழுவதும் மகளைப் பார்க்காமல் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இல்லத்தில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும்தான் கொடுப்பார்கள். சொந்த ஸ்டூலுக்கு இடம் கிடையாது.

அன்று சாயங்காலம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். சின்னப் பெண், கறார். வழக்கம்போல சாருக்கு முன்னால் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ரொட்டி என்றேன். வெளியே வெயிலா மழையா என்றாள். மேகமா இருக்கு என்றேன். அவள் கையிலிருந்த பயிற்சிப் பட அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஆன்ட்டி, நான் உங்களக் கேக்கல.”

“அவருக்குத்தான் வரலயேம்மா.”

“வரதுக்குள்ள நீங்க வந்துடறீங்க.”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். சாருக்குள் வார்த்தை இருக்கிறது, அது கிளம்பி வாசலுக்கு வர நேரம் பிடிக்கிறது. அதுவரை எதிரே இருப்பவர் சும்மா இருக்க வேண்டும். இந்த வீட்டில் சும்மா இருக்கிற இடைவெளியே கிடையாது. ஆக, அவர் பேச்சை அடைத்துக்கொண்டு நின்றது பக்கவாதம் மட்டுமில்லை, நானும்தான். பயிற்சியில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள்.

மகள் யோசித்து ஒரு முடிவு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இல்லத்தின் பொறுப்பாளர் வந்து பார்க்கப் போகிறார். அவர் கேட்கும்போது, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அப்பா தன் வாயால் சொல்லட்டும். அதன்படி அவள் நடந்துகொள்வாள். சொல்ல முடியாவிட்டால் அன்றைக்கே கூட்டிப்போவது. சார் தலையாட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா, யாருக்குத் தெரியும்?

நான் ஊமையாவது என்று முடிவு செய்தேன். என் வாயை எனக்குத் தெரியும், வெறும் தீர்மானத்துக்கு அது கட்டுப்படாது. மருந்துக் கடையில் இருமல் மிட்டாய் வாங்கி வந்தேன். தொடும் முன் சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சொல்வேன், உடனே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வேன். அது கரையும்வரை பேச்சு கிடையாது. முதல் நாள் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. வீட்டில் ஃபேன் இப்படிக் கடகடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சட்டை போட்டுவிடும்போது, ‘இப்ப பட்டன் போடப் போறேன்’ என்று சொல்லி மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். பட்டனோடு மார்பு முடியும் மாட்டிக்கொண்டது.

“சனியனே,” என்றார் சார்.

தெளிவாக, முழுசாக, உச்சரிப்புச் சுத்தமாக. என் வாழ்நாளில் என்னை எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அன்றுபோல் நான் சந்தோஷப்பட்டதில்லை. மகளைக் கூப்பிட்டேன். பயிற்சிப் பெண்ணுக்கு ஃபோன் போட்டோம். திட்டும், பழகிப்போன வாசகங்களும் சில சமயம் தானாகவே முதலில் வெளியே வரும், நல்ல அறிகுறிதான், ஆனால் நினைத்துச் சொல்வது வேறு என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ‘கதவு’ என்றார். கதவைச் சாத்தச் சொல்ல ஒன்றுமே வரவில்லை. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மகள் அலமாரியைக் குடைந்து பழைய டேப் ஒன்றை எடுத்தாள். அப்பா மேடையில் பேசியது. கேட்டால் ஏதாவது கிளம்புமோ என்று போட்டுவிட்டாள். ஒரு பெண்மணி தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருகிறாள். என் குழாய்க்கு ஒன்றுமில்லை சார், பக்கத்து வீட்டுக் குழாயில் வருகிறதே, அதுதான் பிரச்சினை என்கிறாள். அதற்குப் பின் ஒரு மௌனம். ஜன்னல்காரர் ஏதோ கேட்கிறார் போல. ‘இல்ல சார், நான் எட்டிப் பாக்கல, தானா தெரிஞ்சுது’ என்கிறாள். மறுபடி மௌனம். ‘ஸ்டூல் போட்டுத்தான் பாத்தேன்’ என்கிறாள். சபை சிரிக்கிற சத்தத்தில் டேப் இரைகிறது.

இதற்குத் தனிமொழி என்று பேர் என மகள் சொன்னாள். எங்கள் வீட்டில் புலம்பல் என்போம் என்றேன். அப்பா அதிலேயே வகை பிரித்து வைத்திருந்தார் என்றாள். நாடகத்தில் ராஜா ஒருவன் எல்லாரும் போன பிறகு முன்னால் வந்து, மந்திரியிடம்கூடச் சொல்லாததை நம்மிடம் சொல்வானே, அது ஒரு வகை. அங்கே பேசுகிறவனுக்குத் தன்னைத் தெரியும். கதைப் புத்தகம் முழுக்க ஒரே ஆள் பேசிக்கொண்டு போவது இன்னொரு வகை. அதில் அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று படிக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்க வைப்பது மூன்றாவது. அதற்கு அப்பா ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாராம்.

“பேசறவங்களுக்குத் தெரியாதது கேக்கறவங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான் விஷயம்னு சொல்வார்க்கா.”

அப்படியானால் பேசுகிறவள் முட்டாளா என்று கேட்டேன். இல்லை, அவள் பேசுவதில் மும்முரமாக இருக்கிறாள், அதனால் தெரிவதில்லை என்றாள் மகள். சார் என் பக்கம் திரும்பி, பேச்சு வராத வாயின் நல்ல பாதியால் சிரித்தார். டேப்பை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பொறுப்பாளர் வந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல், நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். சாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இல்லத்தில் தோட்டம் உண்டு, டாக்டர் உண்டு என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“ஐயா, எங்களோட வந்து இருக்கீங்களா?”

நான் இரண்டு மிட்டாய்களை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். ஃபேன் கடகடத்தது. சார் வாயைத் திறந்தார், மூடினார். மகள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபடுவது தெரிந்தது. சாருக்கு வேர்த்தது. பிறகு இடது கையை நீட்டி என்னைக் காட்டினார்.

என்னை எதற்குக் காட்டுகிறார் என்று புரியவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவருடைய ஸ்டூல் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதுகு சாய்ப்பு இல்லாத ஸ்டூலில் பக்கவாதக்காரரை உட்கார வைக்கக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டேன். பிடித்துத் தூக்குவதற்கான பட்டையை அவர் இடுப்பில் கட்டினேன். ‘இப்ப தூக்கப் போறேன்’ என்று மிட்டாயோடு குழறிச் சொல்லி, நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கவாட்டில் நின்று பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகை நேராக்கிக்கொண்டார். எதிரே ஜன்னல் இருப்பதுபோல் பார்த்தார். இடது கையை இடுப்பில் ஊன்றினார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

“இப்ப...” என்றார். நிறுத்தினார். “கால... தூக்கப் போறேன்.”

குரல் அவருடையதில்லை. கீச்சென்று, கடைசியில் ஏறுகிற குரல். யாரையோ நினைவுபடுத்தியது. மகள் சடாரென்று என்னைப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க.” மூக்குறிஞ்சல். “விழ மாட்டீங்க.” ஒரு மௌனம். “நான்... இருக்கேன்ல.”

அதன்பின் அவர் பேசவில்லை. நீளமாக, மிக நீளமாகச் சும்மா இருந்தார். வார்த்தை வராமல் இருந்த மௌனம் இல்லை அது, வேண்டுமென்றே விட்ட மௌனம். இடது கையை மெதுவாக இடுப்பிலிருந்து எடுத்து, நெற்றிப் புடைப்பை ஒரு விரலால் தொட்டுக்காட்டினார்.

மகள் வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அது அவள் பாடு. பொறுப்பாளருக்கு விஷயம் தெரியாவிட்டாலும், புடைப்பையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அவரும் குலுங்கினார். எனக்குத்தான் சிரிக்க வழியில்லை. சிரித்தால் இரண்டு மிட்டாயும் தொண்டையில் இறங்கிவிடும். இடுப்பில் கை, மூக்குறிஞ்சல் எல்லாம் சுத்தப் பொய் என்று சொல்லலாமென்றால், என் இன்னொரு கை அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.

பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். “அப்போ ஐயா, எங்ககிட்ட வரீங்களா?”

இந்தமுறை சார் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினார். அது கரகரப்பாக, எங்கோ அடியிலிருந்து வந்தது. “வரல.”

மகள் அவர் முன்னால் மண்டியிட்டாள். “சரிப்பா. ஆனா விழுந்தா கூப்பிடணுமே. கூப்பிடுவீங்களா?”

“சனியனே,” என்றார் சார்.

“என்ன சார்?” என்றேன் நான், மிட்டாய்களையும் மீறி. மகள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து, பொறுப்பாளருக்கு டீ போடப் போனாள். மணியை இனி கழுத்தில் மாட்ட வேண்டும், நான் எந்த அறையில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சமையலறையிலிருந்தே நிபந்தனை போட்டாள். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

சார் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை ஒன்று கிளம்பி வந்துகொண்டிருப்பது தெரிந்தது. நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன்.

“சாவி,” என்றார். “எங்க?”

பொறுப்பாளர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். எனக்கு மட்டும் புரிந்தது. அன்று அவர் விழுந்தபோது நின்றுபோன கதை. நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய இடம். அதற்கு மேல் அந்தக் கதை எவரிடமும் போனதில்லை. கேட்கிறவர்கள் அதற்குள் எழுந்துவிடுவார்கள், அல்லது பஸ் நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் சாவி எங்கே என்று கேட்ட ஒரே ஆள் இவர்தான். பாசம் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. புகார் ஜன்னலில் உட்கார்ந்த மனிதருக்கு முடிக்காத புகார் பிடிக்காது, அவ்வளவுதான்.

மிட்டாயைத் துப்பிவிட்டுச் சொன்னேன். பாலும் மாவும் உள்ளே இருக்க, நான் ஃபோனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாத்தனாரைக் கிழித்தேன். அம்மாவிடம், அண்ணியிடம், எதிர்வீட்டில், கணவரின் அலுவலகத்தில். விடாமல், ஒருவரையும் குறுக்கே பேசவிடாமல். எல்லாம் முடித்து ஃபோனை வைக்கத் திரும்பினால், ஃபோனுக்கு நேர் மேலே ஆணியில் சாவி தொங்கியது. குழந்தைகள் திறந்து திறந்து மூடுகிறார்களே என்று நல்லெண்ணத்தில் பூட்டி, கண்ணில் படுகிற இடத்தில்தான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

சார் கண்ணை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

இப்போதெல்லாம் பேச்சுப் பயிற்சி மையத்தில், மாதத்துக்கு ஒருமுறை, மற்ற நோயாளிகளுக்கு முன்னால் அவரைப் பேச வைக்கிறார்கள். வாக்கியங்கள் இன்னும் உடைந்துதான் வருகின்றன. ஆனால் அவர் விடுகிற மௌனங்களில் ஒரு பிசிறு கிடையாது. அவர் பண்ணுவது ஒரே ஒரு ஆளைத்தான். இடுப்பில் கை ஊன்றி, மூக்கை உறிஞ்சி, பிறகு அதே கையால் காதருகே ஃபோனைப் பிடித்தபடி, எல்லாருக்கும் நாத்தனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒருத்தி. கடைசியில் அவள் ஃபோனை வைக்கத் திரும்புவாள். சார் அங்கே நிறுத்திக்கொள்வார். மெதுவாகத் தலையை நிமிர்த்தி, சுவரில் இல்லாத ஆணியைப் பார்ப்பார்.

அப்போது எல்லாரும் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவருடைய இடுப்புப் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மற்றொரு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வேன்.